எந்தத் தோட்டா கட்டுப்படியாகும்?

அஞ்செட்டிப் பக்கம் எங்கள் தாத்தாவுக்குக் கொஞ்சம் ராகிக் கொல்லை இருந்தது. கதிர் முற்றும் மாதங்களில் இரவெல்லாம் பரண் மேல் காவல் இருப்பார். உரிமம் வாங்கிய நாட்டுத் துப்பாக்கி ஒன்று பக்கத்தில் சாய்ந்திருக்கும். குழல் வாய் வழியாக நிரப்பும் பழைய வகை அது. வெடிமருந்து ஒரு குப்பியில், அடைப்புக்குத் தேங்காய் நார் ஒரு பையில், ரவை என்ற சின்னக் குண்டுகள் ஒரு டப்பாவில், அடித்தால் தீப்பொறி தரும் கேப்பு ஒரு தகரப் பெட்டியில் என்று நான்கும் நான்கு இடத்தில் இருக்கும். தூறலில் மருந்து நனைந்துவிட்டால் அன்றிரவு அந்தத் துப்பாக்கி வெறும் தடிதான். பன்றி வந்தால் தகரத்தைத் தட்டித்தான் விரட்டுவார்.

தனித்தனியாகக் கிடந்த மருந்தையும் குண்டையும் கேப்பையும் ஒரே பித்தளைக் கூட்டுக்குள் அடக்கினால் அதுதான் தோட்டா. இது புரிந்துவிட்டால் இந்தக் கட்டுரையில் பாதி புரிந்த மாதிரி.

அக்கா மகன் டெக்சாஸில் இருக்கிறான். கிரீன் கார்டு வந்த பிறகு வார இறுதிகளில் துப்பாக்கி சுடும் மைதானத்துக்குப் போய்ப் பழக ஆரம்பித்தான். நம் ஊரில் விடிகாலை ஷட்டில் ஆடப் போகிறவர்கள் மாதிரி அங்கே அதற்கென்றே ஒரு கூட்டம் உண்டு. ஒருநாள் வீடியோ காலில் கேட்டான்: "மாமா, தோட்டாவுக்கே மாசம் சம்பளத்துல ஒரு பங்கு போகுது. இங்க நிறைய பேரு சுட்ட கூட்டை எடுத்து வீட்லயே திரும்ப நிரப்பிக்கிறாங்க. நானும் ஆரம்பிக்கலாம்னு பாக்கறேன். எந்தத் தோட்டா எடுத்தா கட்டுப்படியாகும்?"

ஓசூரில் முப்பது வருடம் டூல் ரூமில் டை, அதாவது உலோகத்தை அழுத்தி வடிவம் கொடுக்கும் அச்சு, செய்தவன் நான். துப்பாக்கி என் துறை இல்லை. ஆனால் பித்தளை, பிரஸ், டை, அனீலிங், கார்பைடு என்று அவன் சொன்ன ஒவ்வொரு சொல்லும் என் தொழிலின் சொல். அதனால் பிடித்துக்கொண்டேன். நிறையப் படித்தேன். அப்புறம் அவன் வீட்டில் மூன்று வாரம் தங்கியிருந்தபோது, இதில் பல வருடம் பழகிய அவனுடைய நண்பர் ஒருவரின் கார் ஷெட்டில் உட்கார்ந்து கண்ணால் பார்க்கவும் செய்தேன். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

அதற்கு முன் சட்டம். நம் நாட்டில் இதை வீட்டில் செய்யக் கூடாது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி, உரிமம் இல்லாமல் ஆயுதமோ தோட்டாவோ தயாரிப்பது குற்றம். துப்பாக்கி வைத்துக்கொள்ளும் உரிமம் வேறு, தயாரிக்கும் உரிமம் வேறு. தோட்டாவின் பாகங்களையும், அதைத் தயாரிக்கும் இயந்திரத்தையும்கூட அந்தச் சட்டம் தோட்டா என்ற கணக்கிலேயே சேர்க்கிறது. 2019இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு தண்டனை குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள். தேன்கனிக்கோட்டை, பென்னாகரம் மலையோர ஊர்களில் கள்ளத் துப்பாக்கி வழக்கில் சிக்கிய வீடுகள் பட்ட பாட்டை நேரில் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்கு நிரப்பிக்கொள்ள மத்திய அரசு உரிமம் தேவையில்லை. விற்பதற்குச் செய்தால் உரிமம் வேண்டும். மாநிலத்துக்கு மாநிலம் கூடுதல் விதிகள் உண்டு. நம் பிள்ளைகள் பலருக்குத் தெரியாத ஒன்று: எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க அங்கே பொதுவாகத் தடை இருக்கிறது. முறையான வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. கிரீன் கார்டுக்காரர்களுக்கு அந்தத் தடை இல்லை. நண்பன் கூப்பிட்டான் என்று விசாவை மறந்துவிட்டுப் போய்விடக் கூடாது.

சரி, தோட்டாவுக்கு வருவோம்.

நாலில் மூன்று போய்விடும்

ஒரு தோட்டாவில் நான்கு பாகம். முன்னால் துருத்திக்கொண்டிருப்பது குண்டு. பின்னால் தட்டையான பக்கத்தின் நடுவில் பொட்டு வைத்தது போல இருப்பது பிரைமர், அதாவது தாத்தாவின் கேப்பு. உள்ளே மருந்து. இந்த மூன்றையும் தாங்கியிருப்பது பித்தளைக் கூடு. சுட்டதும் குண்டு பறந்துவிடும், மருந்து எரிந்துவிடும், பிரைமர் நசுங்கி வீணாகிவிடும். கூடு மட்டும் அப்படியே கையில் நிற்கும். நான்கில் தனியாக வாங்கினால் பெரும்பாலும் விலை அதிகமானதும் அந்தக் கூடுதான். வீட்டில் நிரப்புவது கட்டுப்படியாவதற்கு முழுக் காரணமும் இதுதான்.

கூடு ஏன் பித்தளையில் இருக்கிறது? எங்கள் டூல் ரூமில் 70/30 பித்தளை என்று ஒன்று வரும். 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். ஆழமாக இழுத்துக் கிண்ணம் போலவும் குழல் போலவும் செய்ய அதை மிஞ்சிய உலோகம் இல்லை. அதற்கு உலகம் முழுக்க வழங்கும் பெயரே கார்ட்ரிட்ஜ் பிராஸ். வட்டத் தகடாக வெட்டி, கிண்ணமாக அழுத்தி, படிப்படியாக இழுத்து நீட்டுவார்கள். நடுநடுவே சூடேற்றிப் பதம் கொண்டுவருவார்கள், அதுதான் அனீலிங். சுடும்போது அந்தக் கூடு ஒரு கணம் உப்பி, துப்பாக்கி அறையின் சுவரோடு ஒட்டிக்கொண்டு வாயுவைப் பின்னால் கசியவிடாமல் அடைக்கிறது. அழுத்தம் போனதும் கொஞ்சம் சுருங்குகிறது. சுருங்கினால்தானே வெளியே உருவ முடியும்? இரும்பு இந்த அளவுக்கு இணங்கிப் போகாது.

ஆனால் பித்தளைக்கு ஒரு குணம் உண்டு. அடிக்க அடிக்க இறுகும், இறுகினால் வெடிக்கும். குடம் தட்டும் கன்னாரைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். நாலு தட்டு தட்டிவிட்டு உலையில் காட்டுவார், இல்லாவிட்டால் விளிம்பு கீறிவிடும். தோட்டாக் கூடும் அப்படித்தான். சுடும்போது உப்புகிறது. பழைய அளவுக்குக் கொண்டுவர டையில் திணிக்கும்போது ஒடுங்குகிறது. இப்படி உப்பி ஒடுங்கி, உப்பி ஒடுங்கி, ஒருநாள் வாய் ஓரத்தில் மயிரிழையாகப் பிளக்கும். அதற்குள் எத்தனை முறை ஓடியது என்பதுதான் அந்தக் கூட்டின் ஆயுள்.

நிரப்பும் வேலையைச் சுருக்கமாகச் சொல்வதென்றால், பழைய பிரைமரைத் தள்ளி எடுத்து, கூட்டை டையில் அழுத்தி அளவுக்குக் கொண்டுவந்து, புது பிரைமர் வைத்து, அளந்த மருந்து போட்டு, குண்டைப் பொருத்துவார்கள். அச்சிட்ட கையேட்டை அருகில் வைத்துக்கொண்டு அனுபவஸ்தரிடம் கற்க வேண்டிய வேலை அது. இங்கே நான் எழுதுவது தேர்வைப் பற்றி மட்டும்தான்.

எதெல்லாம் ஆகாது

கூடு இருந்தால் எல்லாவற்றையும் நிரப்பலாம் என்று நினைக்க வேண்டாம். மிக மலிவான .22 எல்ஆர் தோட்டாவில் (பெயரில் வரும் எண் குண்டின் அகலத்தை ஏறக்குறைய அங்குலத்தில் சொல்வது) தனி பிரைமரே கிடையாது. தீப்பற்றும் கலவை கூட்டின் விளிம்பு மடிப்புக்குள் பூசப்பட்டிருக்கும். துப்பாக்கியின் ஊசி அந்த விளிம்பை நசுக்கித்தான் தீ வைக்கிறது. நசுங்கிய விளிம்பை நிமிர்த்தித் திரும்பப் பூசுவது வீட்டில் நடக்கிற காரியம் இல்லை.

அடுத்து, பிரைமர் நடுவில் இருந்தாலும் இரண்டு சாதி உண்டு. பாக்சர் வகையில் பிரைமர் குழியின் நடுவே ஒரே ஓட்டை இருக்கும். மேலிருந்து ஒரு கம்பியை விட்டுத் தள்ளினால் பழைய பிரைமர் விழுந்துவிடும். பெர்டான் வகையில் நடுவில் மேடும் பக்கவாட்டில் இரண்டு சின்ன ஓட்டைகளும் இருக்கும். கம்பி மேட்டில் இடிக்கும், பிரைமர் அசையாது. இரண்டுமே 1860களில் பிறந்தவை. பாக்சர் ஆங்கிலேய அதிகாரி, பெர்டான் அமெரிக்கர். ஆனால் அமெரிக்கா பாக்சரைப் பிடித்துக்கொண்டது, பெர்டான் ஐரோப்பாவுக்குப் போய்விட்டது. டார்ச் அடித்துக் கூட்டின் உள்ளே பார்த்தால் ஒரு ஓட்டையா இரண்டா என்று தெரியும். இரண்டு என்றால் பழைய சாமான்காரருக்குத்தான். எஃகிலும் அலுமினியத்திலும் வரும் மலிவுக் கூடுகளையும் ஒதுக்கிவிட வேண்டும்.

ஆக நமக்கு வேண்டியது நடுவில் பிரைமர் உள்ள, பாக்சர் வகை, பித்தளைக் கூடு.

காசுக் கணக்கு

ஒரு தோட்டாவின் அடக்கம் இதுதான்: கூட்டின் விலையை அது ஓடும் முறைகளால் வகுத்து, அதோடு பிரைமர், மருந்து, குண்டு மூன்றின் விலையையும் கூட்ட வேண்டும். கணக்குக்காக மட்டும் ஒரு விலை வைத்துக்கொள்வோம். கூடு 25 சென்ட், பிரைமர் 8, மருந்து 5, குண்டு 12. (சென்ட் என்றதும் நமக்கு நிலம்தான் நினைவுக்கு வரும். இது டாலரில் நூறில் ஒரு பங்கு.) முதல் முறை மொத்தம் 50 சென்ட். அதே கூடு 10 முறை ஓடினால் கூட்டுச் செலவு இரண்டரை சென்ட்தான், மொத்தம் 27.5. மூன்றே முறை ஓடி வெடித்துவிட்டால் கூட்டுக்கு மட்டும் 8 சென்ட்டுக்கு மேல். மற்ற மூன்றும் பேரம் பேசினாலும் அவ்வளவாகக் குறையாது. கூட்டின் ஆயுளில்தான் காசு இருக்கிறது.

மருந்தில் ஒரு கணக்கு உண்டு. அமெரிக்காவில் மருந்தைப் பவுண்டாக விற்கிறார்கள், நிரப்பும்போது கிரெய்னாக அளக்கிறார்கள். ஒரு பவுண்டுக்கு 7000 கிரெய்ன். ஒரு கிரெய்ன் என்பது ஏறக்குறைய 65 மில்லிகிராம். நம் ஆசாரிமார் தங்கம் நிறுத்த குன்றிமணியில் கிட்டத்தட்ட பாதி. தானிய மணியை வைத்து நிறுத்த காலத்துப் பெயர் அது. நாம் செடியின் விதையை வைத்து நிறுத்தோம், அவர்கள் தானியத்தை வைத்து நிறுத்தார்கள். கைத்துப்பாக்கித் தோட்டா ஒன்று 5 கிரெய்ன் தின்றால் ஒரு பவுண்டில் 1400 தோட்டா வரும். 25 கிரெய்ன் என்றால் 280. பெரிய வேட்டைத் தோட்டா 70 கிரெய்ன் கேட்டால் வெறும் 100. இவை வகுத்தல் கணக்கைக் காட்டச் சொன்ன எண்கள், யாரும் இதை வைத்து நிரப்பிவிட வேண்டாம். எந்தக் குண்டுக்கு எந்த மருந்து எத்தனை கிரெய்ன் என்பதைக் குண்டும் மருந்தும் தயாரிக்கும் நிறுவனங்களின் கையேடுதான் சொல்ல வேண்டும்.

அழுத்தம்தான் ஆயுளைத் தீர்மானிக்கிறது

தொப்பூர் கணவாய் ஏறும் லாரிகளுக்குப் பஞ்சர் கடையில் 110, 120 என்று காற்று பிடிப்பார்கள். அந்த அளவைத்தான் பிஎஸ்ஐ என்கிறோம், ஒரு சதுர அங்குலத்தின் மேல் இத்தனை பவுண்ட் என்று பொருள். தோட்டாவுக்கும் அதே அளவுகோல்தான். .38 ஸ்பெஷல் என்ற பழைய ரிவால்வர் தோட்டாவுக்கு அமெரிக்கத் தர அமைப்பு விதித்த உச்ச அழுத்தம் 17,000. .45 ஏசிபிக்கு 21,000. 9 எம்எம்முக்கு 35,000. ரைபிள் பக்கம் போனால் .223 ரெமிங்டனுக்கு 55,000, .308 வின்செஸ்டருக்கு 62,000, .300 வின்செஸ்டர் மேக்னத்துக்கு 64,000.

இந்த வரிசையைக் கூட்டின் ஆயுள் வரிசையாகவே படித்துக்கொள்ளலாம், முதலில் வருவது அதிக நாள் ஓடும். அழுத்தம் குறைந்த .38 கூடு 10, 20 முறை சாதாரணமாக ஓடுகிறது. ரைபிள் கூடுகளை ஐந்தாறு முறைக்குப் பிறகு ஒவ்வொன்றாகச் சந்தேகத்தோடு பார்க்க வேண்டியிருக்கிறது.

வடிவமும் சேர்ந்துகொள்கிறது. .38, .45 எல்லாம் நேர்க்குழல், மேலிருந்து கீழ் வரை ஒரே அகலம். .223, .308 எல்லாம் சோடா பாட்டில் மாதிரி, உடல் பெருத்துக் கழுத்து சிறுத்திருக்கும். நேர்க்குழலுக்குக் கார்பைடு என்ற மிகக் கடினமான பொருளில் செய்த டை வாங்கினால் எண்ணெய் தடவ வேண்டியதே இல்லை, கார்பைடு அவ்வளவு வழவழப்பு. பாட்டில் வடிவத்துக்கு ஒவ்வொன்றாக எண்ணெய் தடவி, டையில் அழுத்தி, பிறகு துடைக்க வேண்டும். தடவாமல் விட்டால் கூடு டைக்குள் சிக்கிக்கொள்ளும். வாழ்நாளில் எத்தனையோ டையில் சிக்கிய துண்டுகளை எடுத்தவன் நான், அரை நாள் போய்விடும். மேலும் பாட்டில் கூடு ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நீளும். வெர்னியரில் அளந்து, நீண்டதை வெட்டிவிட வேண்டும். நீண்ட பித்தளை எங்கிருந்து வந்தது? அடிப்பக்கச் சுவரிலிருந்து. அங்கே சுவர் மெலிந்துகொண்டே போகும்.

இதைக் கண்டுபிடிக்க அந்த நண்பர் ஒரு வித்தை காட்டினார். காகிதம் கோக்கும் கிளிப் ஒன்றை நேராக்கி, நுனியை மட்டும் கொக்கி போல வளைத்து, கூட்டின் உள்சுவரில் அடியிலிருந்து மேலாக மெல்ல இழுத்தார். "நீங்களும் இழுத்துப் பாருங்க" என்று சைகை காட்டினார். நல்ல கூட்டில் வழுக்கிக்கொண்டு வந்தது. இன்னொன்றில், அடியிலிருந்து கால் அங்குலம் தாண்டியதும், நகத்தில் மெல்லிய பள்ளம் தட்டுவது போலக் கம்பி ஒரு கணம் நின்று ஏறியது. வெளியே பார்த்தால் அதே இடத்தில் வெள்ளையாக ஒரு பளபளப்பு வளையம். இன்னொரு முறை சுட்டால் அங்கேயே இரண்டாக அறுந்து, வாயு முகத்தை நோக்கி வரலாம். குறடால் நசுக்கிக் குப்பையில் போட்டார். மைக்ரானில் பழகிய விரல் எனக்கு. இருந்தும் அந்தக் கம்பி நின்ற இடத்தை உணர்ந்தபோது உடம்பு சிலிர்த்தது.

மிச்சமா, செலவா?

அக்கா மகன் தடுமாறிய இடம் இது. "பெரிய தோட்டாவுலதான் மிச்சம் அதிகம்னு எல்லாரும் சொல்றாங்க மாமா." உண்மைதான். கடையில் 30 சென்ட் விற்கும் சின்னத் தோட்டாவை வீட்டில் 20 சென்ட்டில் நிரப்பினால் மிச்சம் 10. கடையில் 2 டாலர் விற்கும் மேக்னம் என்ற பெரிய வேட்டைத் தோட்டாவை 90 சென்ட்டில் நிரப்பினால் மிச்சம் 1 டாலர் 10 சென்ட். மிச்சக் கணக்கில் மேக்னம் எங்கேயோ நிற்கிறது. ஆனால் மாதம் 100 சுட்டால் சின்னதுக்கு 20 டாலர், மேக்னத்துக்கு 90 டாலர் பையிலிருந்து போகிறது.

ஆடித் தள்ளுபடியில் பத்தாயிரம் ரூபாய்ப் பட்டுப் புடவையை ஏழாயிரத்துக்கு வாங்கிவிட்டு மூவாயிரம் மிச்சம் என்று சொல்வார்கள். பட்டு வேண்டியிருந்த வீட்டுக்கு அது மிச்சம்தான். பருத்தி போதும் என்றிருந்த வீட்டுக்கு ஏழாயிரம் செலவு. மான் வேட்டைக்கு மேக்னம் தேவைப்படுகிறவருக்கு வீட்டில் நிரப்புவது பெரிய லாபம். அட்டையில் வட்டம் பார்த்துச் சுட்டுப் பழகுகிறவனுக்கு, மிச்சம் அதிகம் என்பதற்காக மேக்னத்தை எடுப்பது நஷ்டம். போதாததற்கு அந்த அழுத்தமும் வெப்பமும் துப்பாக்கிக் குழலையும் சீக்கிரம் தின்றுவிடும்.

சாமான் செலவையும் மறக்கக் கூடாது. பிரஸ், டை, தராசு, வெர்னியர் எல்லாம் சேர்த்து 400 டாலர் ஆனது என்று வைத்துக்கொண்டால், தோட்டாவுக்கு 10 சென்ட் மிச்சம் பிடிக்கிறவர் 4000 தோட்டா நிரப்பிய பிறகுதான் முதலை எடுக்கிறார். மாதம் 100 என்றால் மூன்று வருடத்துக்கு மேல். 9 எம்எம்மில் இந்தச் சிக்கல் அதிகம். உலகத்திலேயே அதிகம் தயாராகும் கைத்துப்பாக்கித் தோட்டா என்பதால் கடை விலையே குறைவு, நிரப்பினாலும் பெரிதாகத் தாழாது. ஆனால் அதற்கு வேறு ஒரு நன்மை இருக்கிறது. மைதானத் தரையெல்லாம் 9 எம்எம் கூடு உதிர்ந்து கிடக்கும். பல மைதானங்களில் பொறுக்கிக்கொள்ள விடுவார்கள், சிலவற்றில் விடுவதில்லை. பொறுக்கியதென்றால் கணக்கில் கூட்டின் விலை பூஜ்யம்.

.223இலும் பொறுக்கலாம். அதில் ராணுவக் கூடு கலந்து வரும். அதன் பிரைமரைச் சுற்றி விளிம்பை இறுக்கி அடித்திருப்பார்கள், அந்த இறுக்கத்தை நீக்காமல் புது பிரைமர் உட்காராது. ஒரு வேலை கூடுகிறது, அவ்வளவுதான். .45 ஏசிபியில் இன்னொரு தொல்லை. பெரும்பாலான கூடுகளில் பெரிய பிரைமர் குழி, சிலவற்றில் சின்னது. கலந்துவிட்டால் பிரித்தெடுக்க ஒரு மாலை நேரம் போகும்.

அப்படியானால் எது? புதிதாக ஆரம்பிக்கிறவனுக்கு என் பதில் .38 ஸ்பெஷல். 1898இல் வந்த தோட்டா, இன்றும் எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. அழுத்தம் குறைவு, நேர்க்குழல், கொஞ்சமாக மருந்து தின்னும், கூடு நீண்ட நாள் உழைக்கும். செம்பு உறை போட்ட குண்டுதான் வேண்டும் என்றில்லை, வெறும் ஈயக் குண்டே போதும், அது மலிவு. 1935இல் வந்த .357 மேக்னம் ரிவால்வரிலும் .38 தோட்டாவைப் போட்டுச் சுடலாம். எதிர்ப்பக்கமாக, .357ஐ .38 ரிவால்வரில் போடக் கூடாது.

எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்த காரணம் வேறு. தானியங்கித் துப்பாக்கி சுட்ட கூட்டைப் பத்தடி தள்ளி எறியும். புல்லில் தேட வேண்டும், பாதி கிடைக்காது. ரிவால்வர் எறிவதில்லை. ஆறும் சுட்டு முடித்ததும் உருளையைச் சாய்த்துத் தண்டை அழுத்தினால் ஆறு கூடும் உள்ளங்கையில் விழுகின்றன. என் கையில் அப்படி விழுந்தபோது இளஞ்சூடாக இருந்தன, வேர்க்கடலை வறுத்து அள்ளியது போல. எத்தனை போட்டோமோ அத்தனையும் திரும்பி வந்தன. திரும்பி வராத கூட்டுக்கு ஆயுள் 20 முறை இருந்தென்ன, 2 முறை இருந்தென்ன?

வெறும் பயிற்சிதான், போட்டிக் கணக்கு எதுவும் இல்லை என்றால் நிரப்பவே முடியாத அந்த .22 எல்ஆர்தான் எல்லாவற்றிலும் மலிவு. சாமான் வாங்க வேண்டாம், மேசை வேண்டாம், நேரமும் போகாது. இதை அக்கா மகனிடம் முதலிலேயே சொன்னேன். அவனுக்கு நிரப்பும் வேலையே பிடித்துப்போனதால் கேட்கவில்லை. இன்னொன்றும் சொன்னேன்: வீட்டில் நிரப்ப ஆரம்பித்தால் மாதம் 100 சுட்டவன் 300 சுடுவான். ஒரு தோட்டாவின் விலை இறங்கும், மாதச் செலவு இறங்காமல் போகலாம். அப்படியேதான் ஆயிற்று.

சிக்கனம் பார்க்கக் கூடாத இடம்

.38க்கு ஒரு ஆபத்து உண்டு, அதைச் சொல்லாமல் அதைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வராது. அந்தக் கூடு கரிமருந்துக் காலத்து அளவில் நீளமானது. இன்றைய மருந்து அதில் அடியில் கொஞ்சமாகக் கிடக்கும். கவனம் தப்பி ஒரே கூட்டில் இரண்டு முறை போட்டுவிட்டாலும் வழியாது, வெளியே தெரியாது. குண்டை வைத்து மூடிவிட்டால் முடிந்தது. சுடும்போது ரிவால்வரே பிளந்துபோகும். மருந்தே விழாமல் விட்டால் வேறு விபரீதம். பிரைமரின் வேகத்தில் குண்டு குழலுக்குள் பாதி தூரம் போய் நின்றுவிடும், தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கும்.

அந்தக் கார் ஷெட்டில் மரக்கட்டை ஒன்றில் வரிசைக்குப் பத்தாக 50 குழி தோண்டியிருந்தது. ஒவ்வொரு குழியிலும் ஒரு கூடு. மருந்து போட்டு முடித்ததும் நண்பர் மின்விளக்கை அணைத்துவிட்டு, சின்ன டார்ச் ஒன்றைச் சாய்த்துப் பிடித்து ஒவ்வொரு வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். நானும் குனிந்தேன். ஒவ்வொன்றின் ஆழத்திலும் கேழ்வரகு மாவு மாதிரி சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம். நான்காவது வரிசையில் ஒன்றின் நிழல் மட்டும் மற்றவற்றைவிடச் சற்று மேலே நின்றது. எனக்கு அது கண்ணில் படவே இல்லை, அவர் விரல் வைத்துக் காட்டிய பிறகுதான் தெரிந்தது. அதையும் அதன் இரு பக்கத்தில் இருந்தவற்றையும் தராசுத் தட்டில் கொட்டி மறுபடி அளந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை.

அவர் வேண்டுமென்றே கனம் குறைந்து இடம் அதிகம் அடைக்கும் மருந்து ஒன்றை வாங்கி வைத்திருக்கிறார். இரண்டு முறை விழுந்தால் கூடு நிரம்பி வழிந்து காட்டிக்கொடுத்துவிடும் என்பதற்காக. அன்றைக்கு அது தீர்ந்துபோய் வேறு டப்பா ஓடிக்கொண்டிருந்தது. சிக்கனம் பார்க்கிற மருந்தைவிடக் காசு கொஞ்சம் கூட ஆகட்டும், புதியவன் அந்த வகையைத்தான் வாங்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

மேசை மேல் எப்போதும் ஒரே ஒரு மருந்து டப்பாதான். இரண்டு டப்பா திறந்திருந்தால் மீதியை மாற்றிக் கொட்டிவிடும் நாள் வரும். அந்த ஷெட்டுக்குள் டீயோ தின்பண்டமோ வரக் கூடாது. ஈயம் விரலில் ஒட்டி வாய்க்குள் போகும் என்பதால் முடித்ததும் சோப்புப் போட்டுக் கைகழுவிவிட்டுத்தான் வீட்டுக்குள் போனோம். குழந்தைகள் இருக்கும் வீடுகளில் மருந்தும் பிரைமரும் பூட்டுக்குள் இருக்க வேண்டும். அதுவும் தனித்தனியாக, அவை வந்த டப்பாவிலேயே.

அக்கா மகன் .38தான் எடுத்தான். 50, 50 ஆகப் பெட்டியில் பிரித்து, ஒவ்வொரு பெட்டியின் மூடியிலும் நிரப்பிய தடவைக்கு ஒரு கோடு போட்டு வருகிறான். எங்கள் டூல் ரூமில் டை எத்தனை தட்டு தட்டியது என்று எழுதி வைப்போமே, அதே பழக்கம். நான் ஊருக்குக் கிளம்பும் அன்று முதல் பெட்டியிலிருந்து ஒரு வெறுங்கூட்டை எடுத்து, "ஞாபகத்துக்கு வச்சுக்கோங்க மாமா" என்று நீட்டினான். விமான நிலையத்தில் பையில் தோட்டாவோ கூடோ இருந்தால் நம் ஊரில் அது விளையாட்டு இல்லை, காவல் நிலையம் வரை போகும். வாங்கி ஒருமுறை உருட்டிப் பார்த்தேன். வாய் ஓரம் சீராக இருந்தது, கீறல் எதுவும் இல்லை. திரும்பப் பெட்டியிலேயே வைத்துவிட்டு வந்தேன். போன வாரம் பேசியபோது அந்தப் பெட்டியின் மூடியில் ஏழாவது கோடு போட்டாகிவிட்டது என்றான்.